உங்கள் வீட்டு மழை யார் வீட்டுக்குப் போகிறது?

ஐப்பசி மாதம். இரவு தொடங்கிய மழை, விடிந்த பிறகும் விடவில்லை.

தெருவிலே முழங்கால் அளவு தண்ணீர். தெருக்கோடியில் ஒரு சின்ன ஓட்டு வீடு. முப்பது ஆண்டுகளுக்கு முன் கட்டியது. இத்தனை காலமும் அந்த வீட்டுக்குள் மழைத் தண்ணீர் வந்ததே இல்லை. இந்த ஆண்டு வந்து விட்டது!

பாய் நனைந்து விட்டது. அரிசி மூட்டையைக் கட்டில் மேல் தூக்கி வைத்து விட்டார்கள். பிள்ளைகளின் பாடப் புத்தகம் தண்ணீரில் மிதக்கிறது.

பக்கத்தில் ஒரு புது மாடி வீடு. சாலையை விட நாலு அடி உயரத்தில் நிற்கிறது. அதற்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"அண்ணே! உங்கள் வீட்டுத் தண்ணீர் எல்லாம் எங்கள் வீட்டுக்குள் வருகிறதே!" என்கிறாள், ஓட்டு வீட்டு அம்மாள்.

"நான் என்னம்மா செய்வேன்? மழை பெய்கிறது. வானத்தைப் பார்த்துக் கேளம்மா!" என்கிறார், மாடி வீட்டுக்காரர்.

இந்தக் காட்சி ஒரு தெருவில் மட்டும் நடப்பது அல்ல. புது வீடுகள் எழும்பும் ஊர்களில் எல்லாம் நடக்கிறது.

மாடி வீட்டுக்காரர் கெட்டவர் அல்ல. கடன் வாங்கி, மனைவியின் நகையை விற்று, வீடு கட்டியவர். ஆனால், அவர் சொன்ன பதில் சரியா?

சரி அல்ல!

மழை வானத்தில் இருந்து வருகிறது. வெள்ளம் வானத்தில் இருந்து வருவது இல்லை. மழையை வெள்ளமாக மாற்றுவது தரை. தரையை மாற்றியது மனிதன்.

வீடு கட்டுகிறவர், வாசலுக்கு இடம் விடுகிறார். பூஜைக்கு இடம் விடுகிறார். காருக்கு இடம் விடுகிறார். வாஸ்துகூடப் பார்க்கிறார். "இந்த மனையில் விழும் மழை எங்கே போகும்?" என்று மட்டும் யாரும் கேட்பது இல்லை.

மனையில் விழும் மழைக்கும் ஒரு இடம் ஒதுக்காமல் கட்டிய வீடு, முழு வீடு அல்ல. பாதி வேலையை அண்டை வீட்டுக்காரர் தலையில் கட்டிய வீடு அது.

ஒரு கணக்கு

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு கிரவுண்டு மனை என்பது 2,400 சதுர அடி. அதில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் எவ்வளவு தண்ணீர் விழும்? சுமார் 2,200 லிட்டர். அதாவது, ஏறக்குறைய 150 குடம்!

பத்து சென்டிமீட்டர் மழை பெய்தால்? 22 ஆயிரம் லிட்டர். 9,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரியில் ஏற்றினால், இரண்டு லாரி நிறைந்து, மூன்றாவது லாரியில் பாதி வரும்.

முன்பு அந்த மனை வெறும் மண்ணாக இருந்தது. புல் இருந்தது. ஒரு வேப்ப மரம் நின்றது. விழுந்த மழையில் ஒரு பங்கை மண் குடித்தது. ஒரு பங்கு பள்ளத்தில் தேங்கி நின்றது. மிச்சம் மெல்ல மெல்ல ஓடியது.

இப்போது? கூரை சிமெண்டு. முற்றம் சிமெண்டு. சுற்றுச் சுவர் வரை சிமெண்டு. விழுந்த மழை அத்தனையும் அப்போதே தெருவுக்கு ஓடி வருகிறது.

ஒரு வீடு என்றால் தெரு தாங்கும். நூறு வீடு என்றால்? 22 லட்சம் லிட்டர்! அதுவும் ஒரே சமயத்தில்! எந்தத் தெரு தாங்கும்? எந்தக் கால்வாய் தாங்கும்?

ஏரி இருந்த இடம்

சென்னை தியாகராய நகரில் துணி வாங்காத குடும்பம் குறைவு. கல்யாணம் என்றாலும், தீபாவளி என்றாலும் அங்கேதான் கூட்டம்.

அந்த இடம் ஒரு காலத்தில் ஏரி! நுங்கம்பாக்கம், மாம்பலம் பக்கம் நீண்டு கிடந்த பெரிய ஏரி. 1920-களில் அந்த ஏரியைத் தூர்த்துத்தான் தியாகராய நகரை உருவாக்கினார்கள். மேற்கு மாம்பலத்தில் இன்றைக்கும் ஏரிக்கரைச் சாலை இருக்கிறது. சாலை இருக்கிறது. ஏரி இல்லை!

ஏரியை மூடி விடலாம். ஏரிக்கு வரும் தண்ணீரை மூட முடியாது. அது பழைய வழியைத் தேடி வரும்.

2021 நவம்பரில் அது வந்தது. தியாகராய நகர் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றது. அந்தத் தண்ணீரை அடையாற்றுக்குக் கொண்டு போக வேண்டியது மாம்பலம் கால்வாய். அந்தக் கால்வாயைச் சீர்படுத்தும் வேலை அப்போது நடந்து கொண்டு இருந்தது. தோண்டிய மண்ணும், இடித்த கல்லும் கால்வாயிலேயே கிடந்ததால்தான் தண்ணீர் வடியவில்லை என்று அப்போது புகார் எழுந்தது.

வெள்ளத்தைத் தடுக்கச் செய்த வேலையே வெள்ளத்துக்குக் காரணமாகி விட்டது என்றால், அது எவ்வளவு பெரிய கொடுமை!

தென் சென்னைக்குப் பள்ளிக்கரணை சதுப்பு நிலம். சுற்றிலும் உள்ள பல ஏரிகள் நிரம்பி வழியும் தண்ணீர் அங்கேதான் வந்து சேரும். அங்கே தங்கி, ஒக்கியம் மடுவு வழியாக மெதுவாகக் கடலுக்குப் போகும். அந்தச் சதுப்பு நிலத்தில் வீடு வந்தது. சாலை வந்தது. குப்பை மேடும் வந்தது. மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். அந்த மிச்சத்துக்கு 2022-ல் ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது. உலக அளவில் காக்க வேண்டிய ஈர நிலங்களுக்குக் கொடுக்கும் அங்கீகாரம் அது.

உலகம் அதன் அருமையைச் சொல்லி விட்டது. உள்ளூர்க்காரர் அறிய வேண்டும்.

மணல் குவியல்

வீடு கட்டி முடித்த பிறகுதான் தொல்லை என்று நினைக்க வேண்டாம். கட்டும்போதே தொல்லை தொடங்கி விடுகிறது.

"மேஸ்திரி! அஸ்திவாரம் தோண்டிய மண்ணை எங்கே போடுவது?"

"தெருவிலே கிடக்கட்டும், ஐயா. பத்து நாளில் எடுத்து விடலாம்."

பத்து நாள், இரண்டு மாதம் ஆகிறது. அதற்குள் மழை வந்து விடுகிறது.

புல் உள்ள தரையில் மழைத் துளி விழுந்தால், புல் அதைத் தாங்கிக் கொள்ளும். மண் அசையாது. கிளறிப் போட்ட மண்ணில் விழுந்தால், மண் கரைந்து தண்ணீரோடு ஓடும். தண்ணீர் வேகமாக ஓடும் வரை மண்ணும் கூடவே ஓடும். மழைநீர் வடிகாலுக்குள் போய்த் தண்ணீரின் வேகம் குறைந்ததும், மண் அடியில் தங்கி விடும்.

இரண்டடி ஆழமுள்ள வடிகாலில் ஒரு அடி மண் சேர்ந்து விட்டால், வடிகால் பாதியாகி விட்டது என்று அர்த்தம். அந்தத் தெருவில் நூறு வீடுகள் இருந்தால், நூறு வீட்டுக்கும் வடிகால் பாதிதான். கட்டியது ஒருவர். கஷ்டப்படுவது நூறு பேர்!

சிமெண்டுக் கலவை கழுவிய தண்ணீர் இன்னும் மோசம். மண்ணையாவது வெட்டி எடுக்கலாம். சிமெண்டு வடிகாலுக்குள் இறுகி விட்டால், உடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

பெரிய கட்டடங்களுக்குப் பள்ளம் தோண்டும்போது ஊற்று வரும். அதை மோட்டார் வைத்து இறைத்துத் தெருவில் விடுகிறார்கள். சேற்றுத் தண்ணீர் அப்படியே வடிகாலுக்குப் போகிறது. ஒரு தொட்டியில் விட்டு, மண் அடங்கிய பிறகு மேல் தண்ணீரை மட்டும் விட்டால் இந்தத் தொல்லை இல்லை. செய்பவர்கள் எத்தனை பேர்?

உயிர் குடித்த பள்ளம்

இது சேறு, சகதி பற்றிய பேச்சு மட்டும் அல்ல. உயிர் பற்றிய பேச்சு.

2023 டிசம்பர் 4-ந் தேதி. 'மிக்ஜாம்' புயல் சென்னையைக் கலக்கிய நாள்.

வேளச்சேரியில் ஒரு கட்டடத்துக்காக ஆழமான பள்ளம் தோண்டி வைத்து இருந்தார்கள். கொட்டிய மழையில் பள்ளத்தின் கரை சரிந்தது. பக்கத்தில் இருந்தவை பள்ளத்துக்குள் சாய்ந்தன. இரண்டு பேர் உள்ளே சிக்கிக் கொண்டார்கள்.

பள்ளம் முழுவதும் தண்ணீர். தண்ணீருக்கு அடியில் சேறு. ராட்சத மோட்டார்களைக் கொண்டு வந்து இரவு பகலாக இறைத்தார்கள். சில நாட்களுக்குப் பிறகுதான் உடல்கள் கிடைத்தன.

வேலைக்குப் போனவர்கள் வீடு திரும்பவில்லை. அவர்கள் குடும்பத்துக்கு யார் பதில் சொல்வது?

அதற்கு முந்திய ஆண்டு, 2022 அக்டோபரில், சென்னையில் கட்டி முடிக்காத மழைநீர் வடிகால் பள்ளத்தில் ஒரு இளைஞர் விழுந்து இறந்தார். இரவு நேரம். மழை பெய்து தெருவில் தண்ணீர் தேங்கினால், பள்ளம் எது, சாலை எது என்று யாருக்குத் தெரியும்?

வடகிழக்குப் பருவமழை சொல்லாமல் வரும் விருந்தாளி அல்ல. ஆண்டுதோறும் அக்டோபரில் வரும். சென்னையில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையில் பாதிக்கு மேல் அந்த மூன்று மாதத்தில்தான் பெய்கிறது. இது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தே ஐப்பசி, கார்த்திகையில் ஆழமாகத் தோண்டிப் போட்டு விட்டு, "இயற்கை செய்த சதி" என்று சொல்லலாமா?

வெள்ளம் வரும் முன் அணை கோலச் சொன்னார்கள் பெரியவர்கள். இங்கே வெள்ளம் வரும் நேரம் பார்த்துப் பள்ளம் தோண்டுகிறார்கள்!

என்ன செய்ய வேண்டும்?

கட்டும்போது செய்ய வேண்டியவை கஷ்டமானவை அல்ல.

பொங்கல் கழிந்து அஸ்திவாரம் தோண்டலாம். புரட்டாசிக்குள் பள்ளத்தை மூடி விடலாம். முடியாவிட்டால், பள்ளத்தின் கரைக்கு முட்டுக் கொடுத்து, சுற்றிலும் வேலி போட்டு, இரவில் விளக்கு எரிய விட வேண்டும்.

மண்ணையும் மணலையும் மனைக்கு உள்ளேயே குவிக்க வேண்டும். மேலே தார்ப்பாய் போட வேண்டும். சுற்றி ஒரு வரிசை மணல் மூட்டை அடுக்கினால், மண் வெளியே ஓடாது.

லாரி வந்து போகும் வாசலில் ஜல்லியைப் பரப்பலாம். சக்கரத்துச் சேறு அங்கேயே உதிர்ந்து விடும்.

மனை முழுவதையும் ஒரே நாளில் இயந்திரம் விட்டுச் சுரண்டி எடுக்க வேண்டாம். கட்டடம் வரும் இடத்தை மட்டும் கிளறினால் போதும். ஓரத்து மரமும் புல்லும் இருந்து விட்டுப் போகட்டும். மண்ணைப் பிடித்து வைக்க அவற்றைப் போல் காவல்காரன் கிடையாது. கூலியும் கேட்காது!

அமெரிக்காவில் ஒரு ஏக்கர், அல்லது அதற்கு மேற்பட்ட நிலத்தைக் கிளறிக் கட்ட வேண்டும் என்றால், முதலில் அனுமதி வாங்க வேண்டும். மழைத் தண்ணீரோடு மண் வெளியே போகாமல் எப்படித் தடுக்கப் போகிறீர்கள் என்று திட்டம் எழுதி வைக்க வேண்டும். அங்கே அது சட்டம். நம் ஊரில் அதைப் பழக்கமாகவாவது கொண்டு வரலாம்.

கட்டிய பிறகு

கட்டி முடித்த பிறகு செய்ய வேண்டியது என்ன?

வழி தெரியாத விஷயம் அல்ல இது. தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழை நீர் சேகரிப்பு கட்டாயம் என்று 2003-ல் அவசரச் சட்டம் வந்தது. புது வீடு, பழைய வீடு என்ற பேதம் இல்லை. வீட்டுக்கு வீடு குழாய் பொருத்தினார்கள். குழி தோண்டினார்கள். கிணறுகளில் தண்ணீர் ஊறியது. மற்ற மாநிலத்தார் வந்து பார்த்துப் போனார்கள்.

இன்று அந்தக் குழிகள் எப்படி இருக்கின்றன? பல வீடுகளில் மண் மூடிக் கிடக்கின்றன. சில வீடுகளில் மேலே டைல்ஸ் ஒட்டி விட்டார்கள்! குழாய் இருக்கிறது. அதன் மறு முனை தெருவில் இருக்கிறது.

மூன்று அடி விட்டம், பதினைந்து அடி ஆழத்தில் உறை இறக்கிய கிணறு ஏறக்குறைய 3,000 லிட்டர் பிடிக்கும். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் 3 சென்டிமீட்டர் மழை பெய்தால் வரும் தண்ணீர் அத்தனையும் அதில் அடங்கி விடும். அடங்கியதோடு நிற்காது. மண்ணுக்குள் இறங்கும். கோடையில் மோட்டார் போட்டால் மேலே வரும்.

எல்லா மண்ணும் ஒன்று அல்ல. அடையாறு, பெசன்ட் நகர் பக்கம் மணல். தண்ணீர் சட்டென்று இறங்கி விடும். களிமண் உள்ள இடத்திலும், பாறை உள்ள இடத்திலும் இறங்கத் தாமதம் ஆகும். அங்கே தொட்டி கட்டிப் பிடித்து வைப்பதுதான் மேல். குழி தோண்டும் முன் மண்ணைப் பார்க்கத் தெரிந்த ஒருவரைக் கேட்க வேண்டும். அஸ்திவாரத்தை ஒட்டியும், செப்டிக் டேங்கை ஒட்டியும் குழி கூடாது.

முற்றம் முழுவதும் சிமெண்டு போடாமல், ஒரு பகுதியை மண்ணாகவே விடலாம். கார் நிற்க வேண்டும் என்றால், இரண்டு சக்கரம் போகும் அளவுக்கு மட்டும் கல் பதித்தால் போதும்.

ஒரு விஷயத்தை மட்டும் செய்யவே கூடாது. மொட்டை மாடிக் குழாயைப் பாதாளச் சாக்கடையில் இணைக்கக் கூடாது. பாதாளச் சாக்கடை, வீட்டுக் கழிவுக்காகப் போட்டது. அதில் மழைத் தண்ணீரும் போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும்? குழாய் நிரம்பித் தெருவில் பொங்கும். தாழ்வான வீட்டில் கழிப்பறை வழியாக உள்ளே வரும். மழை வெள்ளம் வந்தால் துடைத்து விடலாம். சாக்கடை வெள்ளம் வந்தால் நோய் வரும். முதலில் படுப்பது குழந்தைகள்தான்!

"அது சர்க்கார் வேலை!"

"இதெல்லாம் சர்க்கார் செய்ய வேண்டிய வேலை. நாங்கள் வரி கட்டவில்லையா?" என்று சிலர் கேட்பார்கள்.

கேள்வி நியாயம்தான். சர்க்காருக்கு வேலை உண்டு. ஏரியை, கால்வாயைக் காக்க வேண்டியது சர்க்கார். நீர் போகும் வழியில் வீடு கட்ட அனுமதி தராமல் இருக்க வேண்டியதும் சர்க்கார். சாலைக்கு மேல் சாலை போட்டு, வீடுகளைப் பள்ளத்தில் தள்ளாமல் இருக்க வேண்டியதும் சர்க்கார். பழைய சாலையைச் சுரண்டி விட்டுப் புதுச் சாலை போட்டால், யாரும் நாலு அடி உயரத்தில் வீடு கட்ட வேண்டி இருக்காது.

பிளானில் குழி வரைந்து இருக்கிறதா என்று பார்த்தால் போதாது. மனையில் குழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெரிய கட்டடங்களுக்கு நிறைவுச் சான்று இல்லாமல் முடியாது. ஒரு தொட்டித் தண்ணீரை மாடியில் கொட்டி, அது எங்கே போகிறது என்று கண்ணால் பார்த்து விட்டு அந்தச் சான்றைக் கொடுக்கட்டும். ஐந்து நிமிட வேலை!

வடிகாலில் மண்ணைக் கொட்டுகிறவர் யாராக இருந்தாலும் அபராதம் விதிக்க வேண்டும். சர்க்கார் வேலை எடுத்த காண்டிராக்டர் என்றாலும் விடக் கூடாது.

ஆனால், எவ்வளவு பெரிய வடிகால் கட்டினாலும், ஊரில் உள்ள எல்லா மொட்டை மாடித் தண்ணீரையும் ஒரே நேரத்தில் விழுங்கும் வடிகாலைக் கட்ட முடியாது. ஒவ்வொரு மனையும் தன் பங்கைப் பிடித்துக் கொண்டால்தான், மிச்சத்தை வடிகால் தாங்கும்.

"2015-ல் பெய்தது போல் பெய்தால் உங்கள் குழி என்ன செய்யும்?" என்றும் கேட்பார்கள். அந்த டிசம்பர் 2-ந் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. ஒரு கிரவுண்டு மனையில் மட்டும் ஒரு லட்சம் லிட்டருக்கு மேல்! உண்மைதான். அத்தனை மழையை எந்தக் குழியும் குடிக்காது.

ஆனால் அப்படி ஒரு மழை அபூர்வமாக வருவது. ஆண்டுதோறும் வரும் சாதாரண மழைக்கே தெரு மூழ்குகிறதே, அதற்கு என்ன பதில்? குடை புயலைத் தாங்காது என்பதற்காக, யாராவது குடை வாங்காமல் இருக்கிறார்களா?

செலவு பற்றியும் ஒரு வார்த்தை. வீடு கட்ட லட்சக்கணக்கில் ஆகிறது. வாசல் கேட்டுக்கே பெரும் தொகை கொடுக்கிறார்கள். அந்தக் கேட்டில் ஒரு பூ வேலைப்பாட்டைக் குறைத்தால், மழைக் குழியின் செலவில் ஒரு பங்கு வந்து விடும்.

இப்போதே பாருங்கள்

அடுத்த மழைக்கு இன்னும் நாள் இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். வீட்டில் உள்ளவர்கள் இன்றைக்கே ஒரு காரியம் செய்யலாம்.

மொட்டை மாடிக்குப் போய், ஒரு குடம் தண்ணீரைக் குழாய் வாயில் ஊற்ற வேண்டும். பிள்ளைகளைக் கீழே நிறுத்தி, அது எங்கே வருகிறது என்று பார்க்கச் சொல்ல வேண்டும். குழிக்குள் போனால் நல்லது. தெருவுக்கு வந்தால், கொத்தனாருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். குழி மூடிக் கிடந்தால், மேல் மணலை எடுத்துக் கழுவிப் போட வேண்டும். மழைக் காலம் தொடங்கும் முன் மாடியைப் பெருக்கி விட வேண்டும். முதல் மழையின் அழுக்குத் தண்ணீரைத் தனியே விட்டு விட்டு, அடுத்த மழையில் இருந்து குழிக்கு விட வேண்டும்.

அந்த ஓட்டு வீட்டு அம்மாள் கேட்டது பெரிய கேள்வி அல்ல. "உங்கள் வீட்டுத் தண்ணீர் எங்கள் வீட்டுக்கு வருகிறதே!" என்றாள். அவ்வளவுதான்.

அதற்கு வானத்தைக் கை காட்டுவது பதில் அல்ல. "இனி வராது அம்மா, குழி தோண்ட ஆள் சொல்லி விட்டேன்" என்பதுதான் பதில்.

அந்தப் பதிலைச் சொல்கிறவர் வீடு, எத்தனை மாடி என்றாலும் எழும்பட்டும். தெருவில் யாரும் வருத்தப்பட மாட்டார்கள்!